அம்மாவின் சமையல் நோட்டும் பைத்தான் டெக்கரேட்டரும்

கம்ப்யூட்டர் கட்டுரை என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வீட்டில் பத்தாவது தாண்டிய பிள்ளை ஒன்று இருந்தால் 'பைத்தான்' என்ற பெயர் எப்படியும் உங்கள் காதில் விழுந்திருக்கும். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 11, 12-ஆம் வகுப்புக் கம்ப்யூட்டர் சயன்ஸ் பாடம் இப்போது இந்த மொழியில்தான் நடக்கிறது. மலைப்பாம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நெதர்லாந்துக்காரரான கைடோ வான் ராஸம் 1989 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காக எழுதத் தொடங்கி 1991-ல் வெளியிட்ட கம்ப்யூட்டர் மொழி இது. மாண்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் டி.வி. தொடரை நினைத்து வைத்த பெயர்.

பள்ளிப் பாடம் தொடாத, ஆனால் கல்லூரிக்கோ வேலைக்கோ போனதும் பிள்ளைகளுக்கு எதிர்ப்படும் ஒரு விஷயத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் எழுதி முடித்த கிளாஸுக்குள், அவருடைய ஃபைலைத் தொடாமல், வெளியிலிருந்தபடியே புதிய மெத்தட் ஒன்றைச் சேர்ப்பது எப்படி? அதற்கு டெக்கரேட்டர் என்ற கருவி எப்படி உதவுகிறது? அப்படிச் சேர்ப்பது எப்போது உபகாரம், எப்போது உபத்திரவம்?

முதலில் கிளாஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பெரும்பாலான புத்தகங்கள் இதை வீட்டு வரைபடத்துக்கு ஒப்பிடும். கிளாஸ் என்பது வரைபடம். அதைப் பார்த்துக் கட்டிய வீடுகள் ஆப்ஜெக்ட்டுகள். பைத்தானைப் பொறுத்தவரை இந்த உவமை பாதி வழியிலேயே காலை வாரிவிடும். கட்டி முடித்த வீட்டின் வரைபடத்தில் இன்று ஓர் அறையை வரைந்தால், வீட்டில் அறை முளைக்காது. பைத்தானில் முளைக்கும்!

நமக்குப் பொருத்தமான உவமை வேறொன்று. ஊரில் அம்மா ஒரு சமையல் நோட்டு வைத்திருக்கிறார். பெண்கள் ஒருத்தி டில்லியில், ஒருத்தி பம்பாயில், ஒருத்தி கல்கத்தாவில். யாரும் நோட்டைப் பிரதி எடுத்துக்கொண்டு போகவில்லை. வற்றல் குழம்பு வைக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் ஊருக்குப் போன் போட்டுக் கேட்டுத்தான் வைக்கிறார்கள். இங்கே நோட்டுதான் கிளாஸ். பெண்கள் ஆப்ஜெக்ட்டுகள். நோட்டில் உள்ள ஒவ்வொரு குறிப்பும் ஒரு மெத்தட். அம்மா நேற்று பக்கத்து வீட்டில் கற்றுக்கொண்ட பருப்புருண்டைக் குழம்பை நோட்டில் எழுதி வைத்தால், இருபது வருடம் முன்பு கல்யாணமாகிப் போன பெண்ணுக்கும் அது இன்றே கிடைத்துவிடும். அடுத்த தடவை கேட்கும்போது நோட்டில் இருக்கும், அவ்வளவுதான்.

பைத்தான் செய்வதும் இதையே. ஓர் ஆப்ஜெக்ட்டிடம் ஒரு மெத்தட்டைக் கேட்டால், அந்த நிமிடத்தில்தான் அதன் கிளாஸைத் திறந்து தேடுகிறது. டில்லிப் பெண் அதே பெயரில் தனக்கென்று ஒரு குறிப்பைக் குறித்து வைத்திருந்தால் முதலில் அதையே பார்ப்பாள். அதுவும் பைத்தானில் அப்படியே. இன்னொன்றும் உண்டு. நோட்டில் 'நான்கு பேருக்கு' என்று எழுதியிருக்காது. 'உங்கள் வீட்டில் எத்தனை பேரோ அதற்குத் தக்கபடி' என்றுதான் இருக்கும். யார் வீட்டு அடுப்பு என்பது கேட்பவரைப் பொறுத்தது. பைத்தான் மெத்தட்டுகளில் முதல் இடத்தில் வரும் 'செல்ஃப்' என்ற சொல் அந்த வீட்டைத்தான் குறிக்கிறது. கீழே அதைத் 'தான்' என்று எழுதப் போகிறேன். எந்தப் பெயர் வைத்தாலும் பைத்தான் கோபித்துக்கொள்ளாது.

இனி ஒரு நிஜமான தேவை. தமிழ்ச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஒரு சொல் விளையாட்டு எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்றெழுத்துச் சொல், நான்கெழுத்துச் சொல் என்று பிரிக்க வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானைக் கேட்டால் 5 என்கிறது. நமக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டரில் எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் த ஒன்று, ம ஒன்று, இகரக் கொம்பு ஒன்று, ழ ஒன்று, மேலே வைக்கிற புள்ளி ஒன்று, ஆக ஐந்து. 'அம்மா'வும் இதே கதைதான். அதற்கும் 5 என்றே விடை வரும். ஆகவே கால், கொம்பு வகை உயிர்க்குறிகள் 11, புள்ளி 1, இந்தப் பன்னிரண்டையும் தள்ளிவிட்டு எண்ணினால் நம் கணக்கு சரியாக வரும். க்ஷ, ஸ்ரீ இரண்டும் இந்தக் கணக்கில் இரண்டிரண்டு எழுத்தாக வரும். அதை இலக்கணப் புலவர்களிடம் விட்டுவிடுவோம்.

இந்த வேலையைச் சொல்லோடு கூடவே பிறந்த மெத்தட் போல வைத்துக்கொண்டால் வசதி. பைத்தானில் உரைகளுக்கென்றே பிறவியிலேயே உள்ள கிளாஸ் 'எஸ்டிஆர்'. அதிலேயே சேர்த்துவிடலாமா? பைத்தான் விடாது. எண், உரை, பட்டியல் போன்ற மூலக் கிளாஸ்களில் வெளியார் எதையும் செருக முயன்றால் உடனே பிழை காட்டி நிறுத்திவிடும். கோயில் மூலவருக்கு நாமாக நகை பூட்ட முடியாது அல்லவா, அது போல. ஆகவே நமக்கென்று ஒரு சின்னக் கிளாஸ் வேண்டும். கீழே உள்ள வரிகளில் பைத்தானின் ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். பிள்ளைகள் தட்டும்போது அவற்றை ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ள வேண்டும். சொல், உரை, சேர் முதலான தமிழ்ப் பெயர்களை அப்படியே தமிழில் தட்டலாம். 2008-ல் வந்த பைத்தான் 3 முதல் அதற்கு அனுமதி உண்டு.

கிளாஸ் சொல்:
    டெஃப் __இனிட்__(தான், உரை):
        தான்.உரை = உரை

இந்த மூன்று வரியை வேறொரு நண்பர் எழுதி, பத்து இடங்களில் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்று கொள்வோம். நாம் நம்முடைய ஃபைலில் எழுத்துகளை எண்ணும் ஃபங்ஷன் ஒன்றை எழுதி, அதை 'சொல்.எழுத்தெண்' என்ற பெயருக்குச் சமம் என்று ஒரு வரி போட்டாலே போதும், வேலை முடிந்தது. நோட்டில் குறிப்பு ஏறிவிட்டது. முன்பே உருவான சொற்களுக்கும் அந்த மெத்தட் கிடைத்துவிடும்.

அப்படியானால் டெக்கரேட்டர் எதற்கு? ஃபங்ஷன் முப்பது வரி நீளம் என்றால், அது எந்தக் கிளாஸுக்குப் போகிறது என்பது முப்பது வரிக்கும் அடியில் ஒளிந்துகொள்கிறது. படிப்பவர் தலைப்பைப் பார்த்துவிட்டு, 'யாருக்கு இது?' என்று கடைசி வரை தேட வேண்டும். கடிதத்தை எழுதி முடித்து அடியில் விலாசம் போடுவது போன்ற ஏற்பாடு. பைத்தானைச் செய்தவர்களே இந்தச் சங்கடத்தை அனுபவித்தார்கள். 2001-ல் வந்த பைத்தான் 2.2-ல் சிலவகை மெத்தட்டுகளை எழுதிவிட்டு, அடியில் மறுபடியும் அதே பெயரைச் சொல்லி 'இது இன்ன வகை' என்று அறிவிக்க வேண்டியிருந்தது. விலாசத்தை மேலே கொண்டுவர என்ன குறி போடலாம் என்று நீண்ட விவாதம் நடந்தது. ஏராளமான யோசனைகள் வந்தன. கடைசியில் கைடோ, ஈமெயில் முகவரியில் நடுவில் வருகிற @ குறியைத் தேர்ந்தெடுத்தார். 2004 நவம்பரில் வெளியான பைத்தான் 2.4-ல் அது இடம்பெற்றது. அதே வருடம் ஜாவாவும் இதே குறியை வேறொரு காரியத்துக்கு எடுத்துக்கொண்டது. ஜாவாவில் அது வெறும் சீட்டு. யாராவது படித்தால்தான் பலன். பைத்தானில் அந்தச் சீட்டே ஓடி வேலை செய்கிறது.

என்ன வேலை? ஒரு ஃபங்ஷனுக்கு மேலே @ போட்டு ஒரு பெயர் எழுதினால், பைத்தான் இப்படிப் புரிந்துகொள்கிறது: 'கீழே உள்ள ஃபங்ஷனைத் தயார் செய். அதை மேலே பெயர் எழுதியிருக்கும் ஆளிடம் கொடு. அவர் எதைத் திருப்பித் தருகிறாரோ அதற்கு இந்தப் பெயரை வை.' டெக்கரேட்டர் என்பது அவ்வளவுதான். ஒன்றை வாங்கி ஒன்றைத் திருப்பித் தரும் சாதாரண ஃபங்ஷன். நடுவில் அது என்ன செய்கிறது என்பது எழுதியவர் பாடு. நமக்கு வேண்டியது, வாங்கிய ஃபங்ஷனை ஒரு கிளாஸில் பதிந்துவிட்டுத் திருப்பித் தரும் ஆள்.

டெஃப் சேர்(இலக்கு):
    டெஃப் ஒட்டு(செயல்):
        செட்ஆட்டர்(இலக்கு, செயல்.__நேம்__, செயல்)
        ரிட்டர்ன் செயல்
    ரிட்டர்ன் ஒட்டு

@சேர்(சொல்)
டெஃப் எழுத்தெண்(தான்):
    ரிட்டர்ன் லென்([எ ஃபார் எ இன் தான்.உரை இஃப் எ நாட் இன் குறிகள்])

'குறிகள்' என்பதில் முன்னர் சொன்ன பன்னிரண்டு குறிகளையும் வரிசையாகத் தட்டி வைத்திருக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஃபங்ஷன் இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். வெளியே உள்ள 'சேர்' எந்தக் கிளாஸில் சேர்ப்பது என்பதைக் கேட்டுக்கொண்டு, அந்த விலாசத்தை மனதில் வைத்திருக்கும் 'ஒட்டு' என்ற ஆளை அனுப்புகிறது. ஒட்டு வந்து ஃபங்ஷனை வாங்குகிறது. 'செட்ஆட்டர்' என்ற வரி அதன் பெயரிலேயே அதை நோட்டில் எழுதுகிறது. பிறகு ஃபங்ஷனைப் பத்திரமாகத் திருப்பித் தருகிறது. இனி 'தமிழ்' என்ற உரையை வைத்து ஒரு சொல் உருவாக்கி எழுத்தெண் கேட்டால் 3 என்று வரும்.

திருப்பித் தரும் அந்த 'ரிட்டர்ன் செயல்' வரியைப் புதியவர்கள் அடிக்கடி விட்டுவிடுவார்கள். விட்டாலும் மெத்தட் கிளாஸில் ஏறிவிடும். ஆகையால் தவறு வெளியே தெரியாது. ஆனால் 'எழுத்தெண்' என்ற பெயரில் நம் ஃபைலில் மிஞ்சியிருப்பது 'நன்' என்கிற வெறுமை. ஒரே ஃபங்ஷனை இரண்டு கிளாஸ்களில் சேர்க்க நினைத்து மேலே இரண்டு @ வரி போட்டால், கீழ் வரி கொடுத்த வெறுமை மேல் வரியின் கையில் போய்ச் சேரும். புரொகிராம் அங்கே விழும்.

வேறு சில கண்ணிகளும் உண்டு. வெளியிலிருந்து சேர்த்த மெத்தட்டுக்குள் 'சூப்பர்' என்று வெறுமனே எழுதி மேல் தலைமுறைக் கிளாஸை அழைக்க முடியாது. கிளாஸின் உடலுக்குள் எழுதிய மெத்தட்டுக்குத்தான் அந்த உறவு பிறப்பிலேயே கிடைக்கிறது. இரண்டு அடிக்கோட்டில் தொடங்கும் அந்தரங்கப் பெயர்களும் அப்படித்தான். உள்ளே எழுதினால் பைத்தான் அவற்றோடு கிளாஸ் பெயரைச் சேர்த்து மாற்றி வைக்கும். வெளியே எழுதினால் மாற்றாது, ஆகவே பொருந்தாது. எல்லாவற்றையும் விட அதிகம் தொல்லை தருவது, நம்முடைய ஃபைலை யாராவது இம்போர்ட் செய்தால்தான் மெத்தட் சேரும் என்பது. டெக்கரேட்டர் வரி ஓடினால்தான் பதிவு. ஃபைல் டிஸ்க்கில் இருப்பது மட்டும் போதாது. ஒரு கம்ப்யூட்டரில் ஓடுகிறது, இன்னொன்றில் 'அப்படி ஒரு மெத்தட் இல்லை' என்கிறது என்றால், முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கேதான் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் வருகிறது. வேலைக்குப் போகிற எந்தப் புரொகிராமரும் புதிதாக எழுதுவதைவிட, பிறர் எழுதியதைப் படிப்பதற்குத்தான் அதிக நேரம் செலவிடுகிறார். 'சொல்' கிளாஸ் உள்ள ஃபைலைத் திறந்து பார்க்கும் புதியவருக்கு அங்கே எழுத்தெண் தென்படாது. ஆனால் புரொகிராம் முழுக்க அது பயன்பட்டுக்கொண்டிருக்கும். எங்கிருந்து வந்தது என்று அவர் விழிப்பார். மெத்தட்டிடமே 'உன் __மாட்யூல்__ எது?' என்று கேட்டால், பிறந்த ஃபைலின் பெயரைச் சொல்லும். இந்த ஒரு வித்தை தெரிந்தால் அரை நாள் தேடல் மிச்சம்.

அதைவிடப் பெரிய ஆபத்து, இரண்டு பேர் ஒரே பெயரில் சேர்ப்பது. பின்னால் வந்தது முன்னதை அழித்துவிடும். பைத்தான் ஒரு வார்த்தை எச்சரிக்காது. நோட்டில் அம்மா எழுதிய ரசத்தின் மேல் காகிதம் ஒட்டி, மருமகள் தன் ரசத்தை எழுதிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்கத்தாப் பெண் போனில் கேட்டு ரசம் வைப்பாள். ருசி மட்டும் மாறியிருக்கும்!

உலகம் அறிந்த உதாரணம் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் நடந்தது. பிரவுசர்களில் ஓடும் இந்த மொழி, மூலக் கிளாஸ்களில்கூட யாரும் எதையும் சேர்க்க விட்டுவிடும். மூடூல்ஸ் என்ற நிரல் தொகுப்பு வெகுகாலம் முன்பே, பட்டியலுக்குள் பட்டியல் இருந்தால் அதைத் தட்டையாக்கும் 'ஃப்ளாட்டன்' என்ற மெத்தட்டைத் தானாகச் சேர்த்து வைத்திருந்தது. பல வெப்சைட்டுகள் அதை நம்பி எழுதப்பட்டன. பின்னாளில் மொழியை வகுக்கும் குழு, அதே வேலைக்கு அதே பெயரில் அதிகாரபூர்வமான மெத்தட் கொண்டுவர நினைத்தது. 2018-ல் ஃபயர்ஃபாக்ஸ் சோதனைப் பதிப்பில் அதை வைத்துப் பார்த்தபோது பழைய வெப்சைட் ஒன்று உடைந்தது. 'அப்படியானால் ஸ்மூஷ் என்று பெயர் வைக்கலாமே' என்று குழுவைச் சேர்ந்த ஒருவர் வேடிக்கையாகச் சொல்ல, அதன் மேல் பெரிய ரகளையே நடந்தது. முடிவில் 'ஃப்ளாட்' என்று சுருக்கி 2019-ஆம் ஆண்டுத் தரத்தில் சேர்த்தார்கள். யாரோ எப்போதோ அடுத்தவர் நோட்டில் எழுதிய ஒரு குறிப்பு, ஒரு மொழியின் சொல்லையே மாற்றிவிட்டது.

இதற்காகச் சேர்ப்பதே பாவம் என்று ஒதுக்கவும் வேண்டாம். யுகிஹிரோ மாட்சுமோட்டோ 1995-ல் வெளியிட்ட ரூபி மொழி இந்தச் சுதந்திரத்தால்தான் பெயர் பெற்றது. அதில் எழுதப்பட்ட ரெயில்ஸ் என்ற சாதனத்தில் '3.டேஸ்.அகோ' என்று எழுதினால் மூன்று நாளுக்கு முந்தைய நேரம் கிடைக்கும். எண் 3-க்கே 'டேஸ்' என்ற மெத்தட்டைச் சேர்த்திருக்கிறார்கள். படிக்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ரூபிக்காரர்களுக்கும் கை சுட்டது போலும். சேர்த்த மெத்தட் தன் ஃபைல் எல்லைக்குள் மட்டும் தெரியும்படி அடக்கி வைக்கும் ஏற்பாட்டை 2013-ல் மொழியிலேயே கொண்டுவந்தார்கள்.

எனக்குப் பிடித்த தீர்வு, புள்ளிவிவர வேலைக்குப் பைத்தானில் எல்லோரும் பயன்படுத்தும் பாண்டாஸ் தொகுப்பில் இருக்கிறது. அதன் 'டேட்டாஃப்ரேம்' என்ற கிளாஸில் தங்கள் மெத்தட்டுகளைச் சேர்க்க ஆசைப்பட்டவர்கள் ஏராளம். தடுத்தால் கேட்க மாட்டார்கள். 2018-ல் அவர்களுக்கென்றே ஒரு டெக்கரேட்டரை வெளியிட்டார்கள். அதைப் போட்டால் உங்கள் மெத்தட்டுகள் பொதுக்கூடத்தில் கலக்காது. உங்கள் பெயர் எழுதிய தனி அறைக்குள் இருக்கும். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் எச்சரிக்கையும் வரும். வாடகை வீட்டில் ஆணி அடிக்கலாம், ஆனால் இந்தச் சுவரில் மட்டும் என்று வீட்டுக்காரரே காட்டிக்கொடுப்பது போன்ற ஏற்பாடு. வெளியூரில் குடியிருக்கும் நமக்கு இதன் அருமை தெரியும்.

நம்முடைய 'சேர்' டெக்கரேட்டருக்கும் இந்த மரியாதையைக் கற்றுக்கொடுக்கலாம். செட்ஆட்டர் வரிக்கு முன்னால், இலக்கில் அதே பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று 'ஹாஸ்ஆட்டர்' மூலம் கேட்டு, இருந்தால் பிழை எழுப்பி நிறுத்தும்படி இரண்டு வரி எழுதினால் போதும். அந்த இரண்டு வரி இல்லாமல் இதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். கிளாஸ் நம்முடையதாக இல்லை என்றால், பெரும்பாலும் மெத்தட்டே தேவையில்லை; தனி ஃபங்ஷனாக வைத்துக்கொண்டாலே போதுமானது. தமிழ் எழுத்துகளைப் பிரிக்க வெளியாகியுள்ள 'ஓபன் தமிழ்' என்ற இலவசத் தொகுப்பு அப்படித்தான் செய்கிறது. உரையைக் கொடுத்தால் எழுத்துகளின் பட்டியலைத் தருகிறது. யாருடைய கிளாஸையும் சீண்டுவதில்லை.

இதுவரை பார்த்தது ஃபங்ஷனுக்கு மேல் போடும் டெக்கரேட்டர். கிளாஸுக்கு மேலேயே @ போடும் வசதி 2008-ல் பைத்தான் 2.6, 3.0 பதிப்புகளில் வந்தது. இங்கே கிளாஸ் முழுவதையும் ஒருவர் கையில் கொடுக்கிறோம். அவர் உள்ளே சில மெத்தட்டுகளை எழுதித் திருப்பித் தருகிறார். பைத்தானோடு வரும் 'டோட்டல் ஆர்டரிங்' இதற்கு அழகான உதாரணம். இரண்டு சொற்களில் எது முந்தியது, இரண்டும் சமமா என்று பார்க்கும் இரண்டு மெத்தட்டுகளை மட்டும் நாம் எழுதினால், பிந்தியது, முந்தியதோ சமமோ, பிந்தியதோ சமமோ ஆகிய மீதி மூன்றையும் அதுவே எழுதிச் சேர்த்துவிடும். நாம் ஏற்கெனவே எழுதி வைத்ததை அது தொடாது. 2018-ல் பைத்தான் 3.7-ல் வந்த 'டேட்டாகிளாஸ்' இன்னும் ஒரு படி மேலே போய், மேலே நம் கையால் எழுதிய __இனிட்__ போன்றவற்றையும் தானே எழுதித் தருகிறது.

கிளாஸ் டெக்கரேட்டரில் நேரம் பார்க்க வேண்டும். கிளாஸ் உருவான கையோடு அது ஓடிவிடும். 'முந்தியது எது' என்ற மெத்தட்டை நம்முடைய 'சேர்' மூலம் பிற்பாடு சேர்க்கலாம் என்று நினைத்து, கிளாஸ் தலையில் டோட்டல் ஆர்டரிங்கைப் போட்டால், 'ஒப்பிடும் மெத்தட் ஒன்றுகூட இல்லையே' என்று அது பிழை காட்டும். அப்போது தலையில் போடாமல், மெத்தட்டைச் சேர்த்த பிறகு சாதாரண ஃபங்ஷன் போல அழைத்து, கிளாஸை அதன் கையில் கொடுக்கலாம். @ இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும்.

விடுமுறையில் பிள்ளைகள் செய்து பார்க்க இதிலேயே ஒரு பயிற்சி இருக்கிறது. யூனிகோடு வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னாலும் நிற்கின்றன. நாம் பள்ளியில் படித்த வரிசையோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. ஆகவே 'வயல்', 'வனம்' இரண்டையும் அடுக்கச் சொன்னால் பைத்தான் வனத்தை முன்னால் வைக்கும். தமிழ் அகராதி வயலை முன்னால் வைக்கும். 'சொல்' கிளாஸில் அகராதிப்படி முந்தியது எது என்று சொல்லும் மெத்தட்டையும், சமமா என்று பார்க்கும் மெத்தட்டையும் எழுதி, டோட்டல் ஆர்டரிங்கிடம் கொடுத்துப் பாருங்கள். பதினெட்டு மெய்களையும் நம் வரிசையில் ஒரே உரையாகத் தட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தும் அதில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று ஒப்பிடுவது இதற்குச் சுலபமான வழி. உயிரெழுத்துகளை எங்கே வைப்பது என்பதைப் பாட்டியிடம் கேட்டுக்கொள்ளலாம்.